மார்பின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையை அறிவித்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் உங்கள் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் போதாதா என்று உங்கள் மகள் கேட்கிறாள். போனில் சொன்னதை மறுநாள் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். எழுதியதை அப்படிச் சாதிக்க முடியாது. உங்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

சுண்டு வந்து சேர்ந்தாள். பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்கினாள் என்பதற்காக நீங்கள் வைத்த பெயர். இப்போது என் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நுழைகிறாள். மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். பின்தெருச் சலவைக்கடையைப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேசை. வந்த அன்றே அறை முழுவதும் ஒரு வாடை.

“என்ன நாத்தம் இது?”

“கையுறை பெரியம்மா. கோல்கீப்பர் கையுறையைத் துவைச்சா பிடிப்பு போயிடும்.”

“துவைக்கலைன்னா நீ போயிடுவே.”

துவைத்தாள்.

ரயில் நிலையத்தில் உங்கள் மனைவி விடைகொடுத்த அழகையும் சொன்னாள். “ஒரே ஒரு சீசன். அதுக்குள்ள பெரிய அணியில எடுத்துக்கலைன்னா மருந்துக்கடையில வந்து உட்காரணும். அப்புறம் பந்துன்னு வாயைத் திறக்கக் கூடாது.” மருந்துக்கடை நடத்துகிறவர் கசப்பை அளந்து கொடுப்பதில் ஆச்சரியமில்லை. சுண்டுவும் சரி என்று ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

இனி முக்கியமான விஷயம். கிளப்பின் புதிய செயலாளர் அடுத்த சீசனுக்கான சட்டையின் படத்தைக் காட்டினார். நம் பச்சை நிறம் கழுத்தில் தொடங்கி, இடுப்புக்கு வருவதற்குள் நீலமாகக் கரைகிறது. சாயம் போன படுக்கை விரிப்பு போல இருக்கிறது. நடுநடுவே முக்கோணங்கள். மார்பின் குறுக்கே இருந்த வெள்ளைப் பட்டையைக் காணோம்.

“பட்டை எங்கே?” என்றேன்.

“சின்னப் பசங்களுக்கு அது பழசா தெரியுதும்மா.”

கான்வென்டில் எங்கள் தையல் வகுப்பை எடுத்த கன்னியாஸ்திரீ, கோணலாக வந்த தையலைப் பிரிக்கச் சொல்லும்போது ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையைச் செயலாளருக்குக் கொடுத்தேன். அது உங்கள் அண்ணன் வரைந்த பட்டை. அவர் வரைந்த படம் இன்னும் என் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. ரசிகர்களின் பிரதிநிதியாக நிர்வாகக் குழுவில் எனக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. நான் இருக்கும்வரை அதை எவரும் தொட முடியாது.

மாத்திரைகளை வேளைக்குச் சாப்பிடுங்கள். மருந்துக்கடைக்காரியின் கணவர் மருந்தில்லாமல் விழுந்தால் ஊர் சிரிக்கும்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 20

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். மகள் இல்லாததால் வீட்டில் சுவர்க்கடிகாரம் பேசுவது கேட்கிறது. ரத்த அழுத்தம் நம் கிளப் தோற்கும்போது ஏறுகிறது, ஆகவே எப்போதும் ஏறியே இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சுண்டுவை வைத்துக்கொண்டதற்கு நன்றி. அவளிடம் கொஞ்சம் சிரித்துப் பேசுங்கள், அதற்கு வரி கட்டவேண்டியதில்லை.

சட்டை விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி, அண்ணனோடும் உங்களோடும் கிழக்கு கேலரியில் உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆட்டம் பார்த்திருக்கிறேன். சட்டை கோல் அடித்து நான் பார்த்ததில்லை. போன சீசனில் வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கிய முன்கள ஆட்டக்காரர் அதே பட்டைச் சட்டையைத்தான் போட்டார். சிரித்துக்கொண்டு வந்தார், முழங்காலில் கட்டோடு போனார். கிளப் பிழைக்கவேண்டுமானால் அகாடமியில் வளர்கிற பிள்ளைகளால்தான் பிழைக்கும்.

அங்கேயும் கோளாறு இருக்கிறது. பதின்மூன்று வயதில் யார் உயரம், யார் கனம் என்று பார்த்து ஆள் எடுக்கிறார்கள். வருடத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை, அதே வருடக் கடைசியில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. அந்த ஒரு வயதைப் பயிற்சியாளர்கள் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுண்டு டிசம்பர் கடைசியில் பிறந்தவள். போன இடத்திலெல்லாம் ‘குட்டையா இருக்கா’ என்று திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் அவள் மளமளவென்று வளர்ந்தாள், அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் கிளப்பின் பயிற்சியாளர் அம்மா ஒருவர்தான் அவள் உயரத்தைக் கேட்காமல் அவள் கால் எங்கே நகர்கிறது என்று பார்த்தார். அந்த அம்மாளைக் காப்பாற்றுங்கள். பட்டை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வணக்கத்துடன்,
தம்பி

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன், பயனில்லை. உங்கள் ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள், கிளப்பைக் குறை சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன மைதானத்துக்குப் போனேன். பெரிய மைதானத்தின் பின்னால் பெண்கள் பயிற்சி எடுக்கும் இடம் அது. உட்கார இடமில்லை என்று கேள்விப்பட்டிருந்ததால் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போனேன். வலையில் ஓட்டைகளே அதிகம், கயிறு குறைவு. சுண்டு எதிரணியின் பெனால்டி ஒன்றைத் தடுத்தாள். மற்றப் பெண்கள் எல்லாரும் ஓடிவந்து அவள்மேல் விழுந்தார்கள். நாகரிகமான காட்சி என்று சொல்ல முடியாது.

ஆட்டம் முடிந்து முகமெல்லாம் மண்ணோடு வந்தாள்.

“எப்படி இருந்துச்சு பெரியம்மா?”

“கையுறை சுத்தமா இருந்துச்சு.”

சிரித்தாள். அவளைக் குறை சொன்னால் சிரிக்கிற வழக்கம் உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் அம்மாள் என் நாற்காலிக்கு வந்து குனிந்தார். “இந்தப் பொண்ணை விட்டுடாதீங்கம்மா. நான் விளையாடின காலத்துலகூட இப்படி ஒரு கீப்பரைப் பார்த்ததில்லை. மார்ச்சுல பெரிய அணிக்குப் பேர் கொடுக்கப்போறேன்.” அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தெரிவிக்கிறேன். என் அபிப்பிராயம் சேர்க்கவில்லை.

செயலாளர் இன்னொரு படம் கொண்டுவந்தார். இந்தமுறை முக்கோணங்களுக்குப் பதில் மின்னல். எண்களின் எழுத்தைப் பார்த்தால் ஏழும் ஒன்றும் ஒன்றுபோல இருக்கின்றன, நடுவர் கண்ணாடி மாற்றவேண்டிவரும். சுண்டுவிடம் காட்டினேன்.

“எதுவா இருந்தா என்ன பெரியம்மா? எனக்கு மஞ்சள் சட்டை. கோல்கீப்பருக்குப் பட்டை கிடையாது.”

“அதனாலதான் உனக்கு அது புரியலை.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தமாக வாசித்தேன். என் மனைவி, “பேர் கொடுக்கறேன்னுதானே சொல்லியிருக்காங்க, கொடுக்கலையே” என்றாள். அவளுக்கு மார்ச் மாதத்தில் பதில் சொல்வேன்.

நீங்கள் மடக்கு நாற்காலியோடு போனதாக சுண்டுவும் எழுதியிருந்தாள். ‘பெரியம்மா கை தட்டவில்லை, ஆனால் இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தன’ என்று எழுதியிருக்கிறாள். மகிழ்ச்சி.

சட்டையை விடமாட்டேன் என்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அண்ணனுக்குத் தன் சட்டைப் பொத்தானையே சரியான துளையில் போடத் தெரியாது. கல்யாணத்தன்றுகூட நான்தான் சரிசெய்து அனுப்பினேன். அவர் ஒரு கிளப்புக்கே சட்டை வரைந்தார் என்று நீங்கள் அவருக்காகச் சண்டை போடுகிறீர்கள். அவரே உயிரோடு இருந்தால் வெட்கப்படுவார்.

முழங்காலுக்கு ஒரு களிம்பு இத்துடன் அனுப்புகிறேன். கடைச் சரக்கு, எனக்குச் செலவில்லை.

தம்பி

அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

களிம்பு கிடைத்தது. நாற்றமும் எரிச்சலும் உங்கள் கடிதத்தைப் போலவே இருந்தன. உங்கள் அண்ணனின் பொத்தானைப் பற்றி எழுதியதற்காக இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தேன். கவனித்திருப்பீர்கள். மற்றபடி நலம்.

கிளப் தலைவர் வீட்டுக்கு வந்தார். லாரி கம்பெனி வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் உட்காருமுன் கூடத்தில் தொங்கும் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்படி நிற்கவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

“அம்மா, சுத்தி வளைக்க விரும்பலை. குழுவுல பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம். உங்க கை எங்க போகுதோ அதுதான் முடிவு. பட்டை உங்களுக்கு. சின்ன மைதானம் எங்களுக்கு.”

“சின்ன மைதானத்துல என்ன பண்ணப்போறீங்க?”

“லாரி நிறுத்தணும்.”

“அங்க விளையாடற பொண்ணுங்க?”

“பசங்க அகாடமியைப் பெரிய மைதானத்துல சமாளிச்சுக்கலாம். பொண்ணுங்க பக்கத்தை மூடித்தான் ஆகணும். ரொம்ப வருத்தம்தான்.”

“பார்த்தா அப்படித் தெரியலையே.”

“உள்ளுக்குள்ள இருக்கும்மா.”

சின்ன மைதானத்துக்கு நான் கை தூக்கினால், பட்டைக்கு அவர்கள் கை தூக்குவார்கள். இல்லாவிட்டால் மின்னல் சட்டை. இவ்வளவுதான் பேச்சு. அவர் போனபிறகு சுண்டு மாடியிலிருந்து இறங்கிவந்து, “லாரிக்காரர் எதுக்கு வந்தாரு?” என்றாள். “சட்டை விஷயமா” என்றேன். அது பொய்யில்லை.

கூட்டம் நவம்பர் கடைசியில். உங்கள் கருத்தைக் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

உப்பைக் குறைத்தீர்களா?

அண்ணி

நவம்பர் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். உப்பைக் குறைத்திருக்கிறேன்.

நான் கெஞ்சப்போவதில்லை. கெஞ்சி வாங்கிய ஓட்டு எனக்கு வேண்டாம். சுண்டு உங்கள் கூரையின்கீழ் இருக்கிறாள், உங்கள் மேசையில் சாப்பிடுகிறாள். பெண்கள் அணியை மூடினால் அவளுக்கு என்ன ஆகும் என்பதை அவள் அம்மா சொன்ன வார்த்தைகளிலேயே நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இதற்குமேல் நான் எழுத ஒன்றுமில்லை.

மேலே அடித்திருக்கும் வரியைப் பொருட்படுத்தாதீர்கள். பட்டையைப் பற்றி ஏதோ எழுத வந்தேன், வேண்டாம் என்று தோன்றியது.

தம்பி

டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். குளிர் காலை நேரத்தில் மட்டும் தெரிகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பட்டை நிலைத்துவிட்டது. கரையும் நீலமும் இல்லை, மின்னலும் இல்லை. முழுப் பச்சை, குறுக்கே வெள்ளை. விளம்பரக் கம்பெனியின் பெயரை முதுகுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், மார்பு சுத்தமாக இருக்கும். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கின்றன என்று செயலாளருக்குத் தெரியவில்லை. பால் வெள்ளை, காகித வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று துணித்துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன். பால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தோம். கழுத்து வட்டக் கழுத்து. முன்பு இருந்த காலர் வேண்டும் என்று கேட்டேன், தையல் செலவு கூடும் என்றார்கள். விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றிலும் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

சின்ன மைதானத் தீர்மானமும் அதே கூட்டத்தில் நிறைவேறியது. ஒரு ஓட்டு வித்தியாசம்.

சுண்டுவைச் சனிக்கிழமை ரயிலில் ஏற்றி அனுப்பினேன். இதற்குள் வந்து சேர்ந்திருப்பாள். ஜன்னலோர இருக்கை. வழியில் சாப்பிட ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக்கொடுத்தேன். மாடி அறையைப் பெருக்கித் துடைத்துப் பூட்டியாகிவிட்டது.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

நாங்கள் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சுண்டு மருந்துக்கடையில் இருக்கிறாள். காலையில் கதவைத் திறப்பவளும் தபாலை வாங்குபவளும் அவள்தான். நானும் அவள் அம்மாவும் பத்து மணிக்குமேல்தான் போகிறோம். மேல்தட்டு மருந்துகளை ஏணி இல்லாமல் எட்டி எடுக்கிறாள். “வளர்ந்தது வீண்போகலை பார்த்தீங்களா” என்கிறாள் அவள் அம்மா. சுண்டு அதற்கும் சிரிக்கிறாள்.

அவள் வந்து சில நாள் கழித்து என்ன சொன்னாள் தெரியுமா? “பெரியம்மா ஒருத்தராவது எங்களுக்குக் கை தூக்கியிருப்பாங்கப்பா. பாவம், தனியா நின்னிருப்பாங்க.” ஒரு ஓட்டு வித்தியாசம் என்று நீங்கள் எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அந்த ஒன்று யாருடையது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

இப்போது பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அண்ணன் அதை வரையவில்லை.

முதல்முறையாகக் கிளப் பெரிய பிரிவுக்கு ஏறிய வருடம் அது. நான் அப்போது துணி மில்லில் இருந்தேன். அணியில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன்தான் சட்டைக்குப் பச்சைத் துணி ஆர்டர் கொடுத்தார். எங்கள் மில்லில் அந்த ரகம் குறுகிய அகலத்தில்தான் நெய்வார்கள். அதை அவர் கேட்கவில்லை, அகலத் துணி என்று நினைத்து அளந்துவிட்டார். வெட்டிப் போட்டால் எல்லாச் சட்டையும் நீளம் போதாமல் மார்பில் துண்டு விழுந்தது. மறுநாள் ஆட்டம். தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, “நடுவுல எதையாவது வெச்சு ஒட்டினாத்தான் உண்டு” என்றார். கிளப் சாப்பாட்டு அறையிலிருந்த வெள்ளை மேசை விரிப்புகளை நான்தான் உருவிக்கொண்டு வந்தேன். கிழித்தவன் நான், தைத்தவர் அவர். அடுத்த நாள் பத்திரிகையில் ‘புதுமையான சட்டை’ என்று வந்தது. யார் வரைந்தது என்று கேட்டார்கள். அண்ணன் ‘நான்தான்’ என்றார். அப்புறம்தான் வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்தார். என் அண்ணன் என்பதால் நாற்பது வருடம் வாயைத் திறக்கவில்லை.

நவம்பரில் ஒரு வரி எழுதி அடித்திருந்தேனே, இதுதான் அது. ஏன் அடித்தேன் தெரியுமா? அதைப் படித்துவிட்டு நீங்கள் சுண்டுவுக்குக் கை தூக்கினால் அதில் என்ன மதிப்பு? ஒரு பக்கம் அண்ணன் பெருமை, ஒரு பக்கம் என் மகள். ஒன்றும் தெரியாமலே நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று பார்க்க நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள் உங்கள் மேசை விரிப்பை. அந்த ஓட்டு யாருடையது என்று சுண்டுவிடம் சொல்லப்போகிறேன். அவள் உங்களுக்காகப் பரிதாபப்படுவதை என்னால் இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் நினைத்தது சரி, நலமாகத்தான் இருக்கிறேன்.

பட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்புகிறேன். உங்களுக்கு அதுதான் கெட்ட செய்தி.

கடிதத்தைப் படித்துவிட்டு பீரோவிலிருந்து அந்த முதல் சட்டையை எடுத்தேன். உங்கள் அண்ணன் போட்டு ஆடிய சட்டை. உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். வெள்ளைப் பட்டையின் கீழ் ஓரத்தில், மேசை விரிப்புக்குப் போடும் மடிப்புத் தையல் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள் நான். தையல் கற்றுத் தேர்ந்தவள். ஒருமுறைகூட உள்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. படத்தையும் இறக்கிவிட்டேன். சுவரில் ஒரு வெளிர்ச் சதுரம் இருக்கிறது.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்விப்பட்டதை வைத்துக் கணக்குப் போடவேண்டாம். தலைவர் சின்ன மைதானத் தீர்மானத்தைத்தான் முதலில் வைத்தார், என்னை நம்பவில்லை. பயிற்சியாளர் அம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை நன்றாக உயரத் தூக்கினேன். பாதி தூக்கி வைத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்தேன். சுண்டு கதவைத் திறந்தாள்.

“பட்டை ஜெயிச்சுதா பெரியம்மா?”

“ஜெயிச்சுது.”

“அப்பாடா. இனிமே ராத்திரி தூங்குவீங்க” என்று கை தட்டினாள். மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் மூடிய செய்தி அவளுக்குத் தெரிந்தது. திரும்பிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களால ஆனதைச் செஞ்சிருப்பீங்க” என்றாள். அந்த அம்மாள் அவளிடம் என் கையைப் பற்றிச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

இது என் பங்கு. இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன்.

நவம்பரில் அந்த ஒரு வரியை நீங்கள் அடிக்காமல் விட்டிருந்தால், அன்றே சட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பேன். மேசை விரிப்புக்காக ஒரு பெண்ணின் ஆட்டத்தை விற்கிற பைத்தியம் நான் இல்லை. கணவரின் பெயருக்காக விற்பேன். விற்றேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. கேலரியில் அத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள். என் கை எங்கே போகும் என்று தெரிந்துதான் பேனாவை மூடினீர்கள். என்னைச் சோதித்துப் பார்த்தீர்கள், சரி. பந்தயமாக வைத்தது யாரை?

அண்ணன் பெருமையைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். சுண்டு போனபிறகு காப்பாற்றத் தோன்றவில்லை, உடைத்துவிட்டீர்கள். ஆகவே அது காரணமில்லை. தோற்றபிறகு என்னை அடிக்க ஒரு கல் வேண்டும் என்று கையில் வைத்திருந்தீர்கள். அந்தக் கல்லை நவம்பரிலேயே எறிந்திருந்தால் உங்கள் மகள் இன்று மஞ்சள் சட்டையில் இருந்திருப்பாள்.

சுண்டுவிடம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். என் கையோடு நிறுத்தாமல், நீங்கள் அடித்த வரியையும் சொல்லுங்கள். இரண்டையும் சொல்ல உங்களுக்கு மனமில்லை என்றால் நான் சொல்கிறேன்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

அண்ணி

மார்ச் 1

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? முழங்கால் தேவலையா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

போன கடிதம் கோபத்தில் எழுதியது. கடுமையான வார்த்தைகளுக்கு மன்னிக்கவேண்டும். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. தப்பு என்மேலும் இருக்கிறது, என்மேல்தான் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சுண்டுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்களும் சொல்லவேண்டாம். அவள் உங்களை நல்லவராகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும், என்னையும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது, யோசித்துப் பாருங்கள்.

கடையை மூடியபிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் ஆட்டம் பார்க்கிறாள். கீப்பர் தப்பாக நகர்ந்தால் என் தொடையில் அடித்து, “பாருப்பா, பாருப்பா” என்கிறாள். அவள் அம்மா உள்ளேயிருந்து அதட்டுகிறாள். இந்த வயதில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அதை எடுத்துவிடாதீர்கள். கெஞ்சமாட்டேன் என்று நவம்பரில் எழுதினேன். இப்போது கெஞ்சுகிறேன்.

புதிய சட்டை நன்றாக வந்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன்.

என்றும் உங்கள்,
தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் தேவலை. விசாரித்ததற்கு நன்றி.

உங்கள் கடிதம் இன்று வந்தது. சுண்டுவுக்கு நான் முந்தாநாளே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் உங்களுக்கு அவகாசம் கொடுத்தேன், பதில் இல்லை. பேசாமல் இருப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று தெரிந்தபிறகு இன்னும் காத்திருப்பது முட்டாள்தனம்.

என்னுடையதை முதலில் எழுதினேன். சாக்குப்போக்கு எதுவும் சேர்க்கவில்லை. உங்களுடையதைச் சுருக்கினால் நியாயமாக இருக்காது என்று, ‘பார்க்க நினைத்தேன், பார்த்துவிட்டேன்’ என்று முடிகிற பகுதியை உங்கள் கடிதத்திலிருந்து ஒரு எழுத்து மாறாமல் எடுத்து எழுதினேன். அவளுடைய பெயருக்கு, கடை முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கடைக்குப் போகும் நேரத்தில் படித்து முடித்திருப்பாள்.

உங்கள் கெஞ்சல் முன்பே வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுதித்தான் இருப்பேன். நம் இரண்டு பேரையும் நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டு அந்தப் பெண் மேல்தட்டிலிருந்து மாத்திரை எடுத்துக்கொடுப்பதை நான் விரும்பவில்லை. யாரால் அங்கே நிற்கிறோம் என்றாவது அவளுக்குத் தெரியவேண்டும்.

அவள் எனக்குப் பதில் எழுதமாட்டாள். இந்த வீட்டில் இனி யாரும் வந்து தங்கப்போவதும் இல்லை. உங்கள் நிலைமை வேறு. நீங்கள் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி